காற்றடிக்கும்போது சோதித்துப் பாருங்கள்

எங்கள் ஊருக்கு ஃபைபர் இணைப்பு தரும் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளருக்கும், புகார்ப் பிரிவின் தலைவருக்கும்,

ஆனி மாதக் கடைசியில் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் உங்களிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. இனிமேல் புகார் கொடுத்தால் முதலில் தானியங்கிச் சோதனை நடக்கும். அதில் ‘லைன் ஓகே’ என்று வந்தால் புகார் அத்தோடு முடிக்கப்படும். அதற்கு மேலும் ஆள் வரவேண்டும் என்று கேட்டு, வந்தவர் பழுது எதையும் காணவில்லை என்றால் 250 ரூபாய் கட்ட வேண்டும். இந்த முடிவைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. உங்கள் ‘லைன் ஓகே’யை நம்பி ஆடி மாதத்தில் பதினோரு நாள் நான்கு வீட்டுக்காரர்கள் அவதிப்பட்டோம். அதுகூடப் பரவாயில்லை. அந்த இரண்டு வார்த்தையை எழுதுவதுதான் 27 வருஷம் என் பிழைப்பாக இருந்தது. அதை எப்போது எழுதலாம், எப்போது எழுதக் கூடாது என்று கொஞ்சம் தெரியும். அதனால்தான் இந்த மடல்.

ஒரு தொலைபேசி நிலையத்தின் டெஸ்ட் டெஸ்க்கில் வேலை பார்த்தவள் நான். 198-க்குப் புகார் வரும். நம்பரை மேசைக்கு இழுத்து, லைனின் இரண்டு கம்பிகளான ஏ லிம்புக்கும் பி லிம்புக்கும் நடுவே பார்ப்பேன், அப்புறம் ஒவ்வொன்றையும் எர்த்துக்குப் பார்ப்பேன். லைன் நடுவில் அறுந்திருந்தால் மீட்டர் முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டுப் படுத்துவிடும். அந்தத் துள்ளல் பெரிதாக இருந்தால் கம்பி வீடு வரைக்கும் போயிருக்கிறது, போனுக்குள் இருக்கும் கண்டென்சரையும் சேர்த்துக் காட்டுகிறது என்று அர்த்தம். சின்னதாக இருந்தால், தெருவோரக் கேபிள் பெட்டியான பில்லர் பக்கத்திலேயே அறுந்துவிட்டது. லைன்மேன் கம்பத்தில் ஏறி நின்றுகொண்டு ‘அக்கா, இப்போ பாருங்க’ என்பார். நான் இந்த முனையில், அவர் அந்த முனையில். இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் ‘ஓகே’ என்று கார்டில் ஏறும்.

சரி, ஆடி மாதத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் ஏன் நிற்கின்றன என்று இங்கே சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். தென்மேற்குப் பருவத்தில் மலைச் சந்து வழியாகப் புகுந்து வருகிற காற்று, ஆடியில் ஓட்டைப் பிரிக்கிற காற்று. விடியற்காலையில் கொஞ்சம் அடங்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

ஆடி 5-ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு என் மோடத்தில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மின்னியது. ஒளி வரவில்லை என்று அர்த்தம். இரண்டு நிமிஷத்தில் தானாகச் சரியாகி, மறுபடி விழுந்து, மறுபடி எழுந்தது. சாயங்காலம் ஆறு மணி வரை இதே கதை. புகார் கொடுத்தேன். ‘மோடத்தை ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க மேடம், கரண்ட் ஏற்ற இறக்கமா இருக்கும்’ என்றார் உங்கள் புகார்ப் பிரிவில் பேசிய பெண். இரவு 2.14-க்குக் குறுஞ்செய்தி: சோதனை முடிவு லைன் ஓகே, டாக்கெட் முடிக்கப்பட்டது. மறுநாள் பத்தரைக்கு மறுபடி சிவப்பு விளக்கு. மறுபடி புகார். மறுபடி நடுராத்திரியில் ஓகே. ஊரே தூங்கி, காற்றும் தூங்குகிற நேரத்தில் சோதித்துவிட்டு, காற்றடிக்கும் நேரத்தில் வரும் பழுது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

பழக்க தோஷம், ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். மோடத்தின் உள்பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தால் வந்து சேரும் ஒளியின் அளவு டிபிஎம் என்ற அலகில் தெரியும். மைனஸுக்குப் பின்னால் எண் ஏற ஏற ஒளி குறைகிறது என்று அர்த்தம். இணைப்புக் கொடுத்த அன்று மைனஸ் 20.4 டிபிஎம் என்று லைன்மேன் சொல்லி, நான் மோடத்தின் அடியிலேயே எழுதி ஒட்டியிருந்தேன். ஆடி 7 காலை ஐந்து மணிக்கு மைனஸ் 22. பதினொன்றுக்கு மைனஸ் 26.3. காற்று ஓங்கும்போது 28-ஐத் தாண்டி விளக்கு சிவப்பாகிவிடும். மைனஸ் 26.3 இருந்த நேரத்தில் உங்கள் ஆப்பில் இருக்கும் ‘லைன் சோதனை’ பொத்தானை நானே அழுத்திப் பார்த்தேன். ஓகே என்றது!

அது ஏன் என்று உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டு மோடம் மைனஸ் 27 வரை ஒளியைப் பிடித்துக்கொள்ளும் என்பது ஜிபான் என்ற ஃபைபர் முறையில் வழக்கமாக வைத்துக்கொள்ளும் எல்லை. உங்கள் நிரல் இப்படி ஓர் எல்லைக்கு உள்ளா வெளியா என்று மட்டும் பார்க்கிறது. ஆனால் 20.4-லிருந்து 26.3-க்கு வந்தது கிட்டத்தட்ட 6 டெசிபல் சரிவு. வந்துகொண்டிருந்த ஒளியில் நான்கில் ஒரு பங்குதான் மிச்சம். முக்கால் பங்கைத் தொலைத்துவிட்ட இணைப்பும் உங்கள் கணக்கில் நல்ல இணைப்பு. ஒரு ஆளுக்கு இரண்டு மாதத்தில் பதினைந்து கிலோ குறைந்திருக்கிறது. ‘இந்த எடை மனுஷனுக்கு இருக்கக்கூடிய எடைதான்’ என்று வீட்டுக்கு அனுப்பும் டாக்டரை நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா?

அடுத்த வீட்டில் ஒரு பெண் இ-சேவை மையம் நடத்துகிறாள். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்று சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆள் வருகிற நேரம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். விண்ணப்பம் பாதியில் நிற்கும். ஓடிபி கைப்பேசிக்கு வந்துவிடும், அதைப் போட வேண்டிய பக்கம் திரையில் இருக்காது. ஆறாம் நாள் அவள் பொறுக்க முடியாமல் ஆள் வரச்சொல்லிக் கேட்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு தம்பி வந்தார். காற்று இல்லை. கையில் ஒளியை அளக்கும் பவர் மீட்டரும் இல்லை. நான்கு குழுவுக்கு ஒரு மீட்டர், அன்றைக்கு இவர் முறை இல்லையாம். தன் கைப்பேசியில் அதே ஆப்பைத் திறந்து பார்த்தார், அதே ஓகே. 250 ரூபாய் அவள் பில்லில் ஏறியது.

அந்தத் தம்பியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. நானும் இதே தப்பைச் செய்தவள்.

கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவருடைய புகார் விநோதமாக இருக்கும். ‘போனை எடுத்தா டோன் இல்ல. ஆனா யாராவது வெளியில இருந்து கூப்பிட்டா மணி அடிக்குது, அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் நல்லா இருக்கு.’ ஆறு தடவை புகார், ஆறு தடவையும் மேசையில் இழுத்துப் பார்த்தேன், ஆறு தடவையும் ஓகே எழுதினேன். ஏழாவது தடவை நேரில் வந்து நின்றார். ‘தாயி, நான் பொய்யா சொல்றேன்?’ என்று கேட்டார். எங்கள் மூத்த லைன்மேன் ஒருவர்தான் விளக்கினார். பில்லரில் ஒரு முறுக்கு ஜாயின்ட் பச்சை பூத்திருந்தது. செம்பு மேல் மெல்லிய படலம். மணி அடிக்கப் போகும் 75 வோல்ட் அந்தப் படலத்தைக் குத்திக் கிழித்துவிடும். லைன் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். அப்புறம் படலம் மறுபடி மூடிக்கொள்ளும். சோதிக்க நான் விட்ட மின்சாரமும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது. நான் பார்க்கும் கணத்தில் பழுது சரியாகிவிடும், கையை எடுத்ததும் திரும்பி வரும். என் சோதனையே என்னை ஏமாற்றியிருக்கிறது. அன்றிலிருந்து ஒரே நம்பர் மூன்றாவது தடவை வந்தால், மீட்டர் என்ன சொன்னாலும் ஓகே எழுத மாட்டேன். பழுது எந்த நேரத்தில் வருகிறது என்று அவரிடமே கேட்டு, அந்த நேரத்தில் இழுத்துப் பார்ப்பேன்.

செம்புக் காலத்துக் கதையை ஃபைபர் காலத்தில் ஏன் சொல்கிறாய் என்று நீங்கள் நினைக்கலாம். டிஜிட்டல் லைனில் இந்த ஆபத்து கூடத்தான் செய்கிறது. பழைய லைன் சாவதற்கு முன்னால் இரையும், கரகரக்கும், பேசுகிறவருக்கே தெரியும். டிஜிட்டல் லைன் கெட்டுப்போன பிட்டுகளைத் தானே திருத்திக்கொண்டு கடைசி நிமிஷம் வரைக்கும் சிரித்த முகமாக இருக்கும். அப்புறம் ஒரேயடியாக விழும். அதனால்தான் டிஜிட்டல் கருவிகளில் ஆரம்பத்திலிருந்தே பிழைகளை எண்ணி வைக்கும் கணக்குப் பதிவேடு உண்டு. நிலையத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே ஓடிய 2 எம்பி லைனில், அதாவது விநாடிக்கு 20,48,000 பிட் போகிற லைனில், பிழை வந்த விநாடிகளைக் கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டமாகவும், ஒரு நாளுக்கு ஒரு கட்டமாகவும் கருவியே எழுதி வைக்கும். ஒரு லைன் தினமும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் மட்டும் பிழை காட்டியது. அஞ்சு நிமிஷச் சோதனையில் எப்போதும் சுத்தம். ஒரு முழு நாள் கருவியை ஓடவிட்டு நேரத்தைப் பார்த்த பிறகுதான், கேபிள் போகும் வழியில் தண்ணீர் மோட்டார் போடும் நேரம் அது என்று பிடிபட்டது.

எங்கள் ஜூனியர் இன்ஜினியர் ஒருவர் இருந்தார். அனுப்பிய சிக்னல் அப்படியே திரும்பி வரும்படி லைனை ஓரிடத்தில் இணைத்துச் சோதிப்பதை லூப் போடுவது என்போம். ‘லூப் போட்டுப் பார்த்தேன் சார், சரியா இருக்கு’ என்று யாராவது சொன்னால் அவர் முதலில் கேட்பது, ‘லூப்பை எங்கே போட்டே?’ நம் அறையிலேயே லூப் போட்டால் நம் கருவியும் அந்த இரண்டடி ஒயரும் சரி என்பதுதான் தெரியும். அதற்கு அப்பால் இருக்கும் இருபது கிலோமீட்டரைப் பற்றி அந்தச் சோதனை ஒரு வார்த்தையும் சொல்லாது. உங்களிடமும் அதையே கேட்கிறேன். உங்கள் ‘லைன் ஓகே’யை எங்கே நின்றுகொண்டு பார்க்கிறீர்கள்?

எனக்குப் புரிந்தவரை, நிலையத்தில் இருந்து வீட்டு மோடங்களோடு பேசும் கருவியான ஓஎல்டி பக்கத்தில் நின்று, அங்கே வந்து சேரும் ஒளியைப் பார்க்கிறீர்கள். வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போகும் ஒளி 1310 நானோமீட்டர். நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவது 1490. ஃபைபர் எங்காவது அளவுக்கு மீறி வளைந்தால், நீண்ட அலைநீளம்தான் முதலில் ஒழுகும். எங்கள் நான்கு வீட்டிலும் நடந்தது அதுதான். எங்களுக்கு வரும் ஒளி வழியிலேயே ஒழுகிப் போய்க்கொண்டிருந்தபோது, உங்களுக்கு வரும் ஒளி ஓரளவுக்கு நன்றாகவே இருந்திருக்கும். இரண்டு முனையின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் பழுது உண்டு என்பது மட்டுமல்ல, வளைவாக இருக்கலாம் என்பதுகூடத் தெரிந்திருக்கும். அழுக்குப் பிடித்த கனெக்டர் இரண்டு அலைநீளத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைக்கும்.

கரண்ட் விஷயமும் அப்படித்தான். மின்சாரம் போய் மோடம் அணைந்தால், கடைசி மூச்சில் ஒரு செய்தியை ஓஎல்டிக்கு அனுப்பிவிட்டுத்தான் அணையும். கருவி செய்கிறவர்களே அதற்கு ‘டையிங் காஸ்ப்’, சாகும் மூச்சு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒளி அறுந்தால் அந்தச் செய்தி வராது. ஆக, ஆடி 5-ஆம் தேதி என் வீட்டில் கரண்ட் இருந்ததா இல்லையா என்பது உங்கள் கருவிக்குத் தெரியும். தெரிந்த கருவியைக் கேட்காமல் என்னை மோடத்தை அணைக்கச் சொன்னீர்கள். அணைத்துப் போட்டால் மோடம் எண்ணி வைத்த பிழைக் கணக்கும் அழிந்துபோகும். இருந்த சாட்சியை வாடிக்கையாளர் கையாலேயே அழிக்க வைப்பதுதான் உங்கள் சோதனையின் முதல் படியாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் நான்கு வீட்டுக்காரர்களும் ஒரே கம்பத்தில் இருக்கும் ஒரே பெட்டியிலிருந்து இணைப்பு எடுத்தவர்கள். என்னிடமிருந்து 5, இ-சேவைப் பெண்ணிடமிருந்து 4, மற்ற இரண்டு வீட்டிலிருந்து 3, மொத்தம் 12 டாக்கெட். நான்கு மோடமும் ஒரே நிமிஷத்தில் விழுந்து எழுந்திருக்கின்றன. டெஸ்ட் டெஸ்க்கில் ஒரே டிபியிலிருந்து, அதாவது வீடுகளுக்கு லைன் பிரியும் ஒரே பெட்டியிலிருந்து, மூன்று புகார் வந்தாலே, வீட்டைப் பார்க்காதே, டிபியைப் பார் என்று ஆளை அனுப்புவோம். உங்கள் நிரலோ பன்னிரண்டையும் பன்னிரண்டு தனித்தனிக் குற்றவாளிகளாக நிறுத்தி, ஒவ்வொருவராக விடுதலை செய்தது.

ஆடி 15 சாயங்காலம் அந்தத் தம்பி மறுபடி வந்தார். யாரும் அனுப்பவில்லை. ‘மனசு கேக்கல அக்கா’ என்றார். யாரிடமோ இரவல் வாங்கிய சிவப்பு லேசர் பேனா ஒன்று கையில் இருந்தது. என் வீட்டு முனையில் அதைச் சொருகிவிட்டுக் கம்பத்தில் ஏறினார். பெட்டிக் கதவின் கொண்டி உடைந்திருந்தது. காற்றில் கதவு அடித்து அடித்துத் திறக்கிறது, மூடுகிறது. கீல் ஓரத்தில் நான்கு மெல்லிய ஃபைபர்கள் நசுங்கிக் கிடந்தன. அதில் ஒன்று அந்தி வெளிச்சத்தில் சிவப்பாக ஒழுகிக்கொண்டிருந்ததைக் கீழே நின்ற நானே பார்த்தேன். நான்கையும் உள்ளே தள்ளிச் சுற்றி வைத்து, கதவைக் கம்பியால் கட்டினார். பதினைந்து நிமிஷ வேலை. என் மோடத்தில் மைனஸ் 20.8.

எந்த டாக்கெட்டில் இதை எழுதுவது? எல்லாம் முடிக்கப்பட்டுவிட்டன. ஆகவே உங்கள் கணக்கில் 12 புகார், 12 ‘பழுது இல்லை’. அந்த உடைந்த கொண்டி உங்கள் பதிவேட்டில் பிறக்கவே இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த புகார் விதிகளின்படி மேல்முறையீடும் செய்தேன். அதற்கு வந்த பதிலும் அந்த நடுராத்திரிச் சோதனை முடிவைத்தான் எடுத்துக் காட்டியது.

உங்கள் பக்கத்துச் சிரமமும் எனக்குத் தெரியும். ரிசீவரைச் சரியாக வைக்காமல் லைன் செத்துப்போச்சு என்று சண்டைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு புகாருக்கும் ஆள் அனுப்பினால் கட்டுப்படியாகாது. தானியங்கிச் சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் காலத்தில் இப்படி ஒரு கருவி இருந்திருந்தால் மருந்துக்கடைக்காரர் ஏழு தடவை வந்திருக்க மாட்டார். சோதனை பழுதைத் தேடுவதற்கு. புகாரை முடிப்பதற்கு அல்ல. இரண்டாவது வேலைக்கு அதை வைத்தது உங்கள் முடிவு. அதைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

‘லைன் ஓகே’ வந்தால் புகார் தானாக முடியும் என்ற விதியையும், 250 ரூபாய் விதியையும் திரும்பப் பெறுங்கள். புகார் கொடுத்தவர் ‘சரியாகிவிட்டது’ என்று சொன்ன பிறகே டாக்கெட் மூடப்பட வேண்டும். புகார் வந்ததும் அந்த நிமிஷத்து அளவை மட்டும் பார்க்காமல், முந்தைய ஏழு நாளில் அந்த மோடம் எத்தனை முறை விழுந்தது, எந்தெந்த நேரத்தில், சாகும் மூச்சோடா அது இல்லாமலா என்று ஓஎல்டி பதிவை எடுத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் சொல்லும் நேரத்தில் இரண்டு முனையிலும் அளவெடுங்கள். இணைப்புக் கொடுத்த நாளின் அளவை ஒவ்வொரு எண்ணுக்கும் எழுதி வையுங்கள். அதிலிருந்து 3 டெசிபல் குறைந்தால், எல்லைக்குள் இருந்தாலும் பழுது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு புகார் வந்தால் அவற்றைச் சேர்த்து, பெட்டிக்கு ஆள் அனுப்புங்கள்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பவர் மீட்டரும் ஒரு சிவப்பு லேசர் பேனாவும் கொடுங்கள். ஃபைபரில் எவ்வளவு தூரத்தில் பழுது என்று காட்டும் ஓடிடிஆர் கருவியின் விலை கூடுதல், அதைப் பங்கு போட்டுக்கொள்ளட்டும். இந்த இரண்டையும் இரவல் வாங்க வைக்காதீர்கள். டாக்கெட் மூடிய பிறகும், கண்ட பழுதை லைன்மேன் எழுத ஆப்பில் ஓர் இடம் வையுங்கள். குறுஞ்செய்தியில் ‘ஓகே’ என்று அனுப்பாமல் எண்ணை அனுப்புங்கள்: எத்தனை டிபிஎம், எந்த முனையில், எத்தனை மணிக்கு. புரிகிறவர்கள் புரிந்துகொள்வார்கள், புரியாதவர்கள் புரிந்தவர்களிடம் கேட்பார்கள்.

இ-சேவைப் பெண்ணின் 250 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். எங்கள் 12 டாக்கெட்டிலும் ‘பழுது இல்லை’ என்பதை அடித்துவிட்டு ‘பெட்டிக் கதவின் கொண்டி உடைப்பு’ என்று எழுதுங்கள். புதுக் கொண்டி போட ஆள் அனுப்புங்கள். கதவு இன்னும் கம்பிக் கட்டில்தான் நிற்கிறது. அன்றைக்கு உத்தரவில்லாமல் வந்தது யார் என்று மட்டும் தேடாதீர்கள்.

முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். பதிலோடு, ஆடி 5 முதல் 15 வரை என் மோடம் விழுந்த நேரங்களின் ஓஎல்டி பதிவையும் இணைத்து அனுப்புங்கள். என் நோட்டில் 143 என்று இருக்கிறது. தூங்கிய நேரம் அதில் சேரவில்லை.